பரம்பரை என்னும் ஒற்றைச் சொல்

பெங்களூரு ஆடுகோடியில் பள்ளிச் செயல்திட்டங்களை ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது எழுதுபொருள் கடைகளில் சார்ட் தாளும் வண்ணப் பேனாவும் விரைந்து தீர்கின்றன. அறிவியல் பாடத்தில் தவறாமல் இடம்பெறும் தலைப்புகளுள் ஒன்று மனித மரபணுக் கோளாறு. மாணவர் ஏதேனும் ஒரு கோளாற்றைத் தேர்ந்து, அதைப் பற்றித் தேடிப் படித்து, வகுப்பின் முன் விளக்க வேண்டும். உருவாகும் சார்ட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் அமைந்தவை. நடுவே இரட்டைச் சுருள் டி.என்.ஏ. படம், ஓரத்தில் விக்டோரியா அரசியின் குடும்ப வரைபடம், கீழே பெயர், காரணம், அறிகுறி, சிகிச்சை என நான்கு கட்டங்கள். எக்கோளாறாயினும் காரணம் என்ற கட்டத்தில் 'பரம்பரை, நெருங்கிய உறவில் திருமணம்' என்றிருக்கும். சிகிச்சை என்ற கட்டத்தில் 'இல்லை' என்றிருக்கும்.

இவ்விரண்டு கட்டங்களில் எழுதப்படுவதைச் சிறு பிழை என்று கடந்துவிட இயலாது. இந்தச் சார்ட் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. ஆடுகோடியின் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை இக்கோளாற்றை மூன்று மொழிகளில் விளக்குகிறது. தாளில் ஆங்கிலம்; ஆசிரியர் கேட்கும் கேள்விக்குக் கன்னடமோ ஆங்கிலமோ; மாலையில் 'என்ன எழுதினாய்?' என்று கேட்கும் பாட்டிக்குத் தமிழ். முதலிரண்டு விளக்கங்களுக்கு மதிப்பெண் உண்டு. மூன்றாவது விளக்கத்துக்கு மதிப்பெண் இல்லை, விளைவு உண்டு. ஆங்கிலத்தில் 'ஜெனிடிக்' என்று படித்ததைப் பிள்ளை தமிழில் 'பரம்பரை வியாதி' என்று சொல்கிறது. வீட்டில் புழங்கும் சொல் அதுவே. அந்தப் பெயர்ப்பில்தான் அறிவியல் கைநழுவுகிறது.

மரபணுவில் நேர்ந்த கோளாறு என்பதும் பெற்றோரிடமிருந்து வழிவழியாக வந்த கோளாறு என்பதும் ஒன்றன்று. 1866இல் லாங்டன் டவுன் விவரித்து, 1959இல் 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகையாக இருப்பதால் நேர்வது எனக் கண்டறியப்பட்ட டவுன் நோய்க்குறியில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவிலான நேர்வுகள் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் இணை பிரியத் தவறியதால் ஏற்படுபவை. குடும்பத்தில் எவருக்கும் அது இருந்திருக்க வேண்டியதில்லை. தாயின் வயது கூடக்கூட வாய்ப்புக் கூடுகிறது என்பது உண்மை. தாயும் தந்தையும் உறவினரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தும் டவுன் நோய்க்குறி பற்றிய சார்ட்டிலும் 'உறவுத் திருமணம்' வந்து அமர்ந்துகொள்கிறது. காரணக் கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் தெரியவில்லை.

ஆடுகோடிப் பிள்ளைக்கு விக்டோரியா அரசியைவிட அண்மையில் ஒரு பொருள் உண்டு. ஓசூர் சாலையில் சில நிமிடப் பயணத்தில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. மரபுவழி நரம்பு, தசை நோய்களுக்காகக் கர்நாடகத்திலிருந்தும் கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற தமிழக மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் அங்கு வருகின்றன. அவ்வாறு வருவோருள் டுஷென் தசைச்சிதைவு உள்ள சிறுவர்களும் அடங்குவர். பள்ளிச் செயல்திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோளாறு அரிது. மரபியலின் அடிப்படைகள் பலவற்றை இது ஒன்றே கற்பித்துவிடும். 'பரம்பரை', 'உறவுத் திருமணம்' என்னும் இரு சொற்களும் எங்கே தவறுகின்றன என்பதையும் இதுவே காட்டும்.

ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் உலகெங்கும் காணப்படுகிறது. பிறக்கும்போது குறை தெரியாது. மூன்று, நான்கு வயதில் சிறுவன் அடிக்கடி விழுவான், படியேறத் திணறுவான், தரையிலிருந்து எழும்போது தன் தொடைமீதே கையூன்றி, தன் உடலின்மீது தானே ஏறுவதுபோல் நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் பருத்துத் திரண்டிருக்கும். 'கால் எவ்வளவு வலுவாக இருக்கிறது பார்' என்று உறவினர் மெச்சுவதும் உண்டு. அந்தப் பருமனில் இருப்பது பெரும்பாலும் தசையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட கொழுப்பும் நாரிழையும்தான். பன்னிரண்டு வயதையொட்டி நடை நின்றுபோகும். பின்னர் மூச்சுத் தசையும் இதயத் தசையும் தளரும்.

காரணம் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இல்லாமை. தசை இழையின் உட்சட்டகத்தை அதன் உறையோடு பிணைத்து, ஒவ்வொரு சுருக்கத்தின் அதிர்ச்சியையும் தாங்கிக்கொள்வது இப்புரதம். அது இல்லையெனில் தசை சுருங்கும்போதெல்லாம் உறை கிழிகிறது. தசையினுள் இருக்கவேண்டிய நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. இதற்கான மரபணு 1980களின் பிற்பகுதியில் அடையாளம் காணப்பட்டது. மனித மரபணுக்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. ஏறத்தாழ 22 லட்சம் எழுத்துகள், 79 எக்ஸான்கள். செல் அதை ஒருமுறை படியெடுத்து முடிக்கவே 16 மணி நேரம் அளவில் ஆகிறது. இவ்வளவு நீளமான மரபணுவில் பிழை நேர இடமும் அதிகம் என்பதைப் பள்ளிச் சிறுமி எளிதில் புரிந்துகொள்வாள். நீண்ட கட்டுரையை நகலெடுக்கும்போது எழுத்துப் பிழை கூடுவதில்லையா?

இங்கே சார்ட்டின் நடுவில் இரட்டைச் சுருளுக்குப் பதிலாக நான்கு தமிழ்ச் சொற்களை எழுதலாம். 'கடல் வயல் மரம் பழம்.' ஒவ்வொன்றும் மூன்றெழுத்து. செல்லும் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகவே படிக்கிறது. இவ்வரியிலிருந்து 'ட' என்ற ஓரெழுத்தை மட்டும் நீக்கிவிட்டு மூன்று மூன்றாகப் படித்தால் 'கல்வ யல்ம ரம்ப ழம்' என்று வரும். நீங்கியது ஓரெழுத்து, கெட்டது மீதமுள்ள வரி முழுவதும். மாறாக 'வயல்' என்ற மூன்றெழுத்தையும் நீக்கினால் 'கடல் மரம் பழம்' எஞ்சும். வரி குறுகியது, பொருள் மிஞ்சியது. டிஸ்ட்ரோபின் மரபணுவில் நீங்கிய பகுதி படிப்பு வரிசையைக் குலைத்தால் பெரும்பாலும் கடுமையான டுஷென் வகை நேர்கிறது. வரிசை குலையாமல் நீங்கினால் குறுகிய, ஓரளவு வேலை செய்யும் புரதம் கிடைத்து, தீவிரம் குறைந்த பெக்கர் வகை நேர்கிறது. அண்மைக் காலச் சிகிச்சை முயற்சிகளுள் ஒன்று இந்தக் கணக்கின்மீதே எழுந்தது: ஓர் எக்ஸானைத் தாண்டிப் படிக்கச் செய்து வரிசையை மீட்பது. பத்தாம் வகுப்பு மாணவிக்கு இதை விளங்கவைக்கப் பத்து நிமிடம் போதும். விக்டோரியா அரசியின் பேரப்பிள்ளைகள் பெயரை மனப்பாடம் செய்ய அதைவிட நேரம் ஆகும்.

இனி 'பரம்பரை'. டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அது தாயிடமிருந்தே வருகிறது. தாயின் இரண்டு எக்ஸ்களுள் ஒன்றில் பிழை இருந்தால் அவர் கடத்தி. ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் கடத்தியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. இதைப் பிள்ளைகள் 'இரண்டு மகன்கள் இருந்தால் ஒருவனுக்கு வரும்' என்று எழுதுகின்றனர். சில வழிகாட்டி நூல்களும் அவ்வாறே எழுத இடங்கொடுக்கின்றன. வகுப்பில் ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டிரண்டு முறையாக இருபது தடவை சுண்டிக் குறித்துவைத்தால் போதும். இரண்டும் தலையாகவும் இரண்டும் பூவாகவும் விழுந்த இணைகள் கண்முன் இருக்கும். முதல் மகனுக்கு நோய் வந்துவிட்டதால் இரண்டாமவன் தப்பினான் என்று கருதிய குடும்பத்துக்கு அந்த நாணயக் கணக்கு வெறும் கணக்கன்று.

ஆயினும் இந்நோயுள்ள சிறுவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தாய் கடத்தியே அல்லர். பிழை புதிதாக நேர்ந்தது. முன் தலைமுறை எதிலும் இல்லாத ஒன்றைப் பரம்பரை என்று எவ்வாறு அழைப்பது? அவ்வாறான தாயின் சினைமுட்டைகள் சிலவற்றில் மட்டும் பிழை மறைந்திருக்கக்கூடும் என்பதால் அடுத்த மகனுக்கும் சிறு வாய்ப்பு எஞ்சுகிறது. மருத்துவர் அதையும் எடுத்துரைப்பார். இவ்வளவு நுணுக்கமான உண்மையை 'பரம்பரை' என்னும் ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது. விழுங்கிய பின் வீட்டில் எஞ்சுவது 'தாய்வழி வந்தது' என்னும் தீர்ப்பு. மருமகளின் பிறந்த வீட்டை நோக்கி விரல் நீள்கிறது. அவளுடைய தங்கையின் திருமணப் பேச்சு நின்றுபோகிறது. கடத்தியாக இருக்கும் தாயும் அந்தப் பிழையைத் தேர்ந்துகொண்டவர் அல்லர் என்பதைச் சொல்ல அந்தச் சார்ட்டில் கட்டம் இல்லை.

'உறவுத் திருமணம்' என்னும் காரணம் இந்நோய்க்கு அறவே பொருந்தாது. மகன் தந்தையிடமிருந்து எக்ஸ் குரோமோசோமைப் பெறுவதில்லை. ஆகவே தந்தை தாய்மாமனா, அத்தை மகனா, முற்றிலும் அயலவரா என்பது இக்கணக்கில் நுழைவதே இல்லை. விக்டோரியா அரசியின் குடும்ப வரைபடம் காட்டும் ஹீமோபிலியாவும் எக்ஸ் சார்ந்ததே. அதை வரைந்த தாளிலேயே காரணத்தை 'உறவுத் திருமணம்' என்று எழுதுவது, வரைந்த படத்தைப் படிக்கவில்லை என்பதற்குச் சான்று.

உறவுத் திருமணத்தைப் பற்றிய எச்சரிக்கையே வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. பீட்டா தாலசீமியா, முதுகுத்தண்டுத் தசைநலிவு போன்ற ஒடுங்கு பண்புக் கோளாறுகளில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான படி வந்தாலே நோய் வெளிப்படும். ஒரே தாத்தா பாட்டியின் வழியினர் மணந்துகொண்டால் இருவரிடமும் ஒரே பிழை இருக்க வாய்ப்புக் கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன் மணத்தில் பிறக்கும் குழந்தை, ஒரு மரபணுவின் இரு படிகளையும் ஒரே மூதாதையிடமிருந்து பெற 16இல் 1 வாய்ப்பு. தாய்மாமன், அக்காள் மகள் மணத்தில் அது 8இல் 1. தென்னிந்தியாவில் இது நூலறிவுச் செய்தியன்று. 1980களில் அப்பாஜி ராவ், ராதா ரமா தேவி, ஆலன் பிட்டில்ஸ் ஆகியோர் பெங்களூரு, மைசூரு மகப்பேறு மருத்துவமனைகளை மையமாக வைத்து நடத்திய ஆய்வுகளில், ஏறத்தாழ மூன்றில் ஒரு திருமணம் உறவுக்குள் நிகழ்ந்ததாகவும் அவற்றுள் பெரும்பகுதி தாய்மாமன் மணம் என்றும் பதிவாயிற்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படியும் தமிழ்நாட்டில் 28 விழுக்காடு, கர்நாடகத்தில் 27 விழுக்காடு. இந்திய சராசரியோ 11.

ஆனால் எச்சரிக்கைக்கு அளவு வேண்டும். எந்தத் தம்பதியருக்கும் பிறவிக் குறைபாட்டுடன் குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் மணத்தில் அதன்மேல் மேலும் ஏறத்தாழ இரண்டு, மூன்று கூடுகிறது. அதாவது பெரும்பான்மைக் குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. இவ்வெண்களைச் சொல்லாமல் 'உறவில் மணந்தால் ஊனம்' என்று எழுதும் சார்ட், உண்மையைப் பெரிதாக்கி நம்பகத்தன்மையை இழக்கிறது. மாமனை மணந்து மூன்று நலமான பிள்ளைகளைப் பெற்ற தாய் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார். ஒடுங்கு பண்பு பற்றிய மெய்யான எச்சரிக்கையையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்.

இன்னொன்றும் இங்குக் கேட்கத்தக்கது. உறவுத் திருமணத்தைக் கண்டிக்கத் தயங்காத பாடப்புத்தகமும் ஆசிரியரும் சாதி அகமணத்தைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? 2017இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வெளியான ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து, அவற்றுள் 81 குழுக்களில் சிறு மூதாதைத் தொகையின் சுவடு ஃபின்லாந்தினர், அஷ்கெனாசி யூதர் ஆகியோரைவிட ஆழமாக இருப்பதைக் காட்டிற்று. ஐதராபாத்தின் சி.சி.எம்.பி.யைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் அதில் பங்கேற்றார். உறவில்லாத இருவர் என்று ஊர் கருதும் மணமக்களும் ஒரே சாதிக்குள் பல நூற்றாண்டுகளாக மணந்துவந்தவர்களின் வழியினராயின், ஒரே பிழையைச் சுமந்திருக்கக்கூடும். வைசிய சமூகத்தில் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதிக் குறைவு மிகுந்து காணப்படுவது நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அக்குறையுள்ளவருக்கு அறுவை அரங்கில் தசைதளர்த்தி மருந்தொன்று கொடுத்தால் மூச்சு மீள நெடுநேரம் ஆகும். இதை எழுதும் சார்ட் எந்தப் பள்ளியிலாவது பரிசு பெறுமா என்பது ஐயமே.

கர்நாடகத்திலேயே ஒரு கோளாறு கண்டறியப்பட்ட வரலாறும் பள்ளிகளுக்குத் தெரியாமல் கிடக்கிறது. சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்தில் ஹந்திகோடு என்னும் சிற்றூரில் 1970களின் நடுப்பகுதியில் இடுப்பும் முட்டியும் நொந்து, நடை குன்றும் நோய் ஒன்று கவனத்துக்கு வந்தது. துன்புற்றோர் தலித் மக்கள். வயல் நண்டில் சேர்ந்த பூச்சிமருந்தே காரணம் என்று முதலில் ஐயுற்றனர். வயலில் உழைத்து நண்டைத் தின்றவர் அவர்களே என்பதால் அந்த ஐயம் பொருத்தமாகவும் தோன்றியது. பின்னர் குடும்பங்களைத் தலைமுறை வாரியாக வரைந்து பார்த்தபோது நோயுற்றவரின் பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்து, ஓங்கு பண்பாகக் கடத்தப்படும் எலும்பு வளர்ச்சிக் கோளாறு என்ற முடிவு உருவாயிற்று. கருதுகோள் எவ்வாறு எழுகிறது, எவ்வாறு வீழ்கிறது, குடும்ப வரைபடம் எதற்குப் பயன்படுகிறது என்பனவெல்லாம் இந்த ஒரு கதையில் உள்ளன. நோய்க்கு ஊரின் பெயரையே சூட்டியதால் அவ்வூர்ப் பெண்ணுக்கும் ஆணுக்கும் வெளியூரில் என்ன நேரும் என்ற கேள்வியும் உள்ளது. ஓங்கு பண்பாதலால் ஒரு பெற்றோரின் பிழையே போதும். இங்கும் 'உறவுத் திருமணம்' காரணமாகாது.

குடும்ப வரைபடம் பற்றிய இன்னொரு வழக்கம் கவலைக்குரியது. சில ஆசிரியர்கள் மாணவரைத் தத்தம் குடும்ப வரைபடத்தையே வரைந்துவரச் சொல்கின்றனர். ஆடுகோடிக்கும் கோரமங்களாவுக்கும் இடைப்பட்ட வகுப்பறையில் வட இந்தியாவிலிருந்து வந்த மென்பொருள் பணியாளரின் பிள்ளையும் ஆலைத் தொழிலாளியின் தமிழ்ப் பிள்ளையும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கக்கூடும். தாயும் தந்தையும் இரட்டைக் கோட்டால் இணைக்கப்பட வேண்டிய பிள்ளை அந்தத் தாளை நீட்டும்போது என்ன சிரிப்பு எழும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் வழக்காறு இசையுமிடத்து இத்தகைய மணத்தை ஏற்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, சிரிப்பவருக்கும் தெரியாது. தத்தெடுக்கப்பட்டதும், முதல் மணம் முறிந்ததும் இப்படித்தான் வகுப்பின் முன் அவிழ்கின்றன. கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுத்து வரையச் சொன்னால் பாடம் சிறிதும் குறையாது.

கடைசிக் கட்டமான 'சிகிச்சை இல்லை'யும் உண்மையன்று. டுஷென் தசைச்சிதைவை முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் ஸ்டீராய்டு மருந்துகள் நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டிக்கின்றன. இதய மருந்தும் மூச்சுத்துணைக் கருவியும் முன்பு பதின்ம வயதின் இறுதியில் முடிந்த வாழ்வை முப்பதுகளுக்குக் கொண்டுசென்றிருக்கின்றன. 2021ஆம் ஆண்டின் அரியநோய்த் தேசியக் கொள்கை இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையமும் கோயம்புத்தூரில் இந்நோய்க்கான மரபணுச் சோதனைக்கும் ஆலோசனைக்கும் பெயர்பெற்ற எம்.டி.சி.ஆர்.சி. அமைப்பும் இயங்குகின்றன. இவற்றுள் ஒன்றின் பெயராவது அந்தக் கட்டத்தில் இருந்தால், சார்ட்டைப் பார்க்கும் பெற்றோர் எவருக்கேனும் பயன்படும்.

'இருபது வயதுக்குள் இறப்பர்' என்று ஒரு மாணவி வகுப்பின் முன் வாசிக்கும்போது, நோயுள்ள சிறுவனின் அக்காள் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அடுத்த வரி 'அவனுடைய சகோதரிகள் கடத்திகளாக இருக்கக்கூடும்' என்றிருக்கும். கடத்தியா என்றறியும் சோதனையைச் சிறார்க்குப் பொதுவாகச் செய்யாமல், வயது வந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவைப்பது மருத்துவ மரபியலில் ஏற்கப்பட்ட நெறி. மரபியல் ஆலோசகர் காத்திருந்து, தனியறையில், பெண்ணின் இசைவு பெற்றுச் சொல்லும் செய்தி அது. ஆகவே செயல்திட்டத் தலைப்பைக் கொடுக்கும் முன் ஆசிரியர் பிள்ளைகளின் பெற்றோரிடம், இக்கோளாறுகளுள் எதையேனும் வகுப்பில் பேசாமல் தவிர்க்க வேண்டுமா என்று பொதுவாக ஒரு துண்டுத்தாளில் கேட்டுப் பெறலாம். யார் வீட்டில் என்ன நோய் என்று அதில் எழுதவேண்டியதில்லை. தலைப்பின் பெயர் ஒன்றே போதும்.